தனிய ஏலும் என்று சொன்ன மகனுக்கு

அன்பு மகனுக்கு,

கடிதம் என்றால் நான் சுகம், உன் சுகத்துக்கு ஆண்டவரை மன்றாடுகிறேன் என்றுதான் தொடங்குவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் எழுதினேன். இந்த முறை சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. நீ பயப்படாதே, நான் படுக்கையில் விழவில்லை. வாய் பழையபடிதான் இருக்கிறது, வியாபாரிகளோடு சண்டை பிடிக்கிறேன், முற்றத்தில் கருவாடு காய்கிறது. ஆனால் யாராவது கேட்டவுடன் சுகம் என்று சொல்லிவிடுகிற பழக்கம் நம் வீட்டுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைக் கருவாட்டு வியாபாரி கொண்டுவந்து தந்தார். சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததில் கலியாணக் கடிதம் கருவாடு மணத்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்த பிறகு தர்மபுரத்துக்குக் கிட்டவுள்ள கோயிலில் கலியாணம் என்றும், பெண் பக்கம், செல்வியின் ஆட்கள், முதல் நாள் தங்கள் பிள்ளையார் கோயிலில் பொங்கல் வைக்கப் போகிறார்கள் என்றும், பாதர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார் என்றும் எழுதியிருந்தாய். சேர்ட் தைக்கக் கொடுத்ததைக்கூட எழுதினாய். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில், மூலையில், வேறு மையால் எழுதியது போல ஒரு வரி: "அம்மா, நான் நாயாற்றுக்கு வந்து போக நாள் காணாது. நீங்கள் மாமாவோடு பஸ்ஸில் இங்கே வந்துவிடுங்கள்." நாள் காணாதாம். தர்மபுரத்தில் இருந்து ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையால் யானைக்குப் பயந்து பயந்து சைக்கிள் மிதித்து வந்தவன் நீ. உனக்கு நாள் காணாமல் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கரையில் கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை சேமக்காலைக்குப் போய், அடக்கம் பண்ணிய தாய் தகப்பனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவான். உன் அப்பாவும் அப்படிப் போய்விட்டு வந்துதான் என் கையைப் பிடித்தார். அவரை அடக்கம் பண்ணிய நாளில் இருந்து நீ அந்தச் சேமக்காலைக்குள் காலடி வைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும்போது சைக்கிள் செயின் அறுந்துவிட்டது என்றாய். சைக்கிள் கடைக்காரனின் செயின்! ஆத்துமாக்கள் திருநாளுக்கு வருடா வருடம் ஒரு சாட்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். இந்த நீண்ட கடிதத்தில் நான் உன்னிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான். கலியாணத்துக்கு முதல் வா. என்னோடு அப்பாவின் கல்லறை வரைக்கும் வா.

உன் காலைப் பற்றிக் கதை எடுத்தால் நீ எழும்பிப் போய்விடுவாய். கடிதத்தையும் மடித்து வைத்துவிட்டு எழும்பலாம்தான். ஆனால் அது உன் சட்டைப் பைக்குள் கிடக்கும், திரும்ப எடுத்து வாசிப்பாய். நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா.

ஆட்கள் விட்டுப்போன தென்னந்தோட்டத்தில் தேங்காய் பொறுக்கப் போன அன்று உனக்கு மீசை அரும்பி முடியவில்லை. அன்று காலை என் குசினியில் பாதித் தேங்காய் இருந்தது. அதை நினைக்காமல் இன்றுவரை நான் தேங்காய் துருவியதில்லை. மிதிவெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தோம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியால் வந்தபோது அப்பா தன் துடுப்பு ஒன்றை அறுத்துக் கக்கத்தில் கொடுக்கத் தடி செய்து வைத்திருந்தார். கை நோகாமல் இருக்க வலைக் கயிறு சுற்றியிருந்தார். அதைப் பார்த்து நீ, "இதாலயும் கடலுக்கோ அப்பா?" என்று கேட்டாய். அவர் சிரித்தார், பிறகு வீட்டுக்குப் பின்னால் போய்க் கனநேரம் நின்றார்.

பிறகு பொய்க்கால் போடும் இடம். அந்த முதல் நாளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. காலைச் செய்பவர்கள் வேறு ஆட்கள். போட்ட காலோடு ஒருவர் எவ்வளவு நடக்கிறார், எப்படி நடக்கிறார் என்று அளப்பது தேவி என்ற அந்தப் பிள்ளையின் வேலை. கதிரையில் இருந்து எழும்பி, சீமெந்துத் தரையில் போட்ட வெள்ளைக் கோடு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து கதிரையில் இருக்க வேண்டும். அவள் கையில் மணிக்கூடு. எங்கள் ஆட்களுக்கு அது போதும், சோதனை என்று நினைத்துவிட்டார்கள். வாங்கில் இருந்த எல்லோரும் நத்தார் உடுப்போடும் தீபாவளி உடுப்போடும் வந்திருந்தார்கள். நானும் உனக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குப் பறந்தாய்.

"தம்பி, இது ஓட்டப் போட்டியில்லை. வீட்டில நடக்கிற மாதிரி நடவுங்கோ," என்றாள் தேவி.

"வீட்டிலயும் இப்பிடித்தான் நடக்கிறனான்," என்றாய்.

"நோகுதோ?"

"இல்லை."

"எங்கையும் உரசுதோ?"

"இல்லை. நல்லா இருக்கு."

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உனக்கு முன்னால் நடந்த கிழவர் வேர்த்து ஒழுக ஒழுக நல்லா இருக்கு தங்கச்சி என்றார். கால் செய்கிற அந்தப் பட்டறைப் பொடியன்கள் ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் மெஷினைக் கழற்றி ட்ரக்டரில் ஏற்றி, இறக்கி, சாமான் இல்லாத நாளிலும் எதையோ வைத்துச் செய்து தருகிறார்கள். அவர்களில் சிலருக்கும் ஒரு கால்தான். அப்படிச் செய்து தந்தவனின் முகத்துக்கு நேரே நோகுது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வருமா? விருந்துக்குப் போன வீட்டில் கறிக்கு உப்பில்லை என்று சொல்லாத மாதிரித்தான். தேவியும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று வரிசையாக எழுதினாள். வீட்டுக்கு வரும் வழியில் மரத்தடியில் இருந்து நீ காலைக் கழற்றியபோது உள்ளே போட்ட மேசுக் காலுறை தோலோடு ஒட்டிக் கிடந்தது. இரத்தத்தைக் கண்டு நான் கத்தினேன். "கத்தாதேங்கோ அம்மா, ஆக்கள் பாக்கினம்," என்றாய். அந்தப் புண் காய்ச்சலாகி, அந்த மாரி முழுக்க நீ கால் போடவில்லை. அடுத்த முறை நான் தேவியைப் பிடித்து நல்லாக ஏசினேன். பாவம், அவளும் அழுதாள். பிறகு யார் போனாலும் முதலில் காலைக் கழட்டுங்கோ, பார்த்துப் போட்டுத்தான் கதை என்று சொல்லத் தொடங்கினாள்.

மணிக்கூடு முடிய அவள் கேள்விகள் கேட்பாள். கதிரையில் இருந்து எழும்புவீரோ, படி ஏறுவீரோ, பஸ்ஸில் ஏறுவீரோ, மேடு பள்ளத்தில் நடப்பீரோ, கையில் சாமானோடு நடப்பீரோ. "எங்கட வீட்டில கதிரையே இல்லைப் பிள்ளை," என்று நான் சொன்னேன். "பஸ்ஸில ஏற முதல் பஸ் வரவேணுமெல்லே," என்றார் அப்பா. சிரித்தோம். கிணற்றடியில் குந்தியிருப்பது அதில் இல்லை. பூசையில் முழங்காலில் நிற்பது இல்லை. சைக்கிள் ஓடுவது இல்லை. சைக்கிள் இல்லாமல் வன்னியில் யார் இருக்கிறார்கள்! எங்கள் மணலும் அதில் இல்லை. எங்கோ சீமெந்து ஊரில் யோசித்த கேள்விகள் என்று அப்பா சொன்னார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு மறுமொழி இருந்தது, அந்த நாலையும் நான் மறக்கவில்லை. தனிய ஏலும். ஆரும் பக்கத்தில நிண்டால் ஏலும். ஆரும் பிடிச்சால் ஏலும். ஏலாது. தேவி நாலையும் வாசித்து முடிக்க நீ விடமாட்டாய். தனிய ஏலும், தனிய ஏலும், தனிய ஏலும்.

"தம்பி, ஆரும் பக்கத்தில நிண்டால் எண்டு சொன்னாலும் குறையில்லை," என்று அவள் சொன்னாள். உனக்கு முகம் சிவந்தது. "நான் என்ன சின்னப்பிள்ளையோ?" என்று கேட்டாய்.

அப்பா அதைத் தன் பகிடியால் மாற்றப் பார்த்தார். "தங்கச்சி, என்னட்டையும் ஒரு கேள்வி கேளும். வள்ளம் தள்ளுவீரோ எண்டு கேட்டால், தனிய ஏலாது எண்டுதான் சொல்லுவன். இந்தக் கரையில தனிய வள்ளம் தள்ளினவனை நான் இன்னும் காணேல்லை." தேவி சிரித்தாள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எனக்கும் அன்று அது பகிடியாகத்தான் கேட்டது.

அப்பாவுக்கு ஒரு அளவு இருந்தது, அது உனக்குத் தெரியாது. மணல் புகுந்து கால் பழுதாகிவிடும் என்று பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி உன் பொய்க்காலின் கணுக்காலில் சுற்றிவிடுவார், நினைவிருக்கிறதா? சுற்றிவிட்டு, போய் நட என்று உன்னைக் கடற்கரைக்கு அனுப்புவார். நீ நடக்கும்போது பார்க்கமாட்டார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் நீ பறப்பாய் அல்லவா. கரையில் வாடிக் குடிசைக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, நீ வீட்டுக்கு வந்த பிறகு இறங்கிப் போய் உன் காலடித் தடத்தைப் பார்ப்பார். ஈர மணலில் ஒரு தடம், காய்ந்த மணலில் ஒரு தடம். மனிசன் நண்டு தேடுகிறாரோ என்று நான் நினைத்தேன். வந்து எனக்குக் காதுக்குள் சொல்லுவார். "இஞ்சரும், வலது கால் இன்னும் ஆழமாத்தான் பதியுது. மற்றக் காலை அவன் நம்பேல்லை." கொஞ்சக் காலம் போய் ஒரு பின்னேரம் ஓடி வந்தார். "ரெண்டும் ஒரே மாதிரிப் பதியுதடி! வந்து பார்!" எந்த நாளும் என்னை அடி போட்டுக் கூப்பிடாத மனிசன். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போவதற்குள் அலை வந்து அழித்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொன்னால் வெட்கப்படுவான், விடு என்றார். இப்போது அவர் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பிறகு நீ தர்மபுரத்தில் சைக்கிள் கடை போட்டாய். நாங்கள் பெருமையாக இருந்தோம். அந்த மாரியில் அப்பாவுக்கு மலேரியா வந்தது. எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தானே, மாறும் என்று நினைத்தோம். மருந்து கிடைக்கவில்லை. அது தலைக்கு ஏறியபோது அவர் கதைத்தது முழுக்கக் கடல் கதை. வள்ளத்தில் நீ முன்னால் இருக்கிறாய் என்று நினைத்து உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் காற்றுப் பக்கம் கேட்டார். உனக்கு ஆள் அனுப்பி, நீ வெள்ளத்துக்குள்ளால் வந்து சேர்ந்தபோது அவரைப் பெட்டியில் வைத்தாயிற்று. சேற்றோடு வந்து நின்றாய். அழவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு, பெட்டி தூக்க நான் நிற்கிறன் என்றாய்.

கோயில் வரைக்கும் கரைச்சல் ஒன்றும் இல்லை. கோயிலைத் தாண்டித்தான் அந்த மணல். நீ முன் பக்கம் தோள் கொடுத்திருந்தாய். உன் கால் புதையப் புதையப் பெட்டி உன் பக்கம் சரிந்து நிமிர்ந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் என்னைப் பிடித்திருந்தார்கள். ஆண்டவர் மன்னிக்கட்டும், நான் பெட்டியைப் பார்க்கவில்லை, உன் காலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அப்போதுதான் பேதுரு மாமா உனக்குப் பின்னால் வந்து, "விடு தம்பி, நான் பிடிக்கிறன்," என்றான். நீ விட்டாய். தாழம்பற்றைக்குப் பக்கத்தில் விலகி நின்றாய். எல்லோரும் உன்னைக் கடந்து போனார்கள். நானும் கடந்து போனேன். திரும்பிப் பார்த்தபோது நீ வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாய். குழியில் இறக்கியபோது பாதர், "மகன் எங்கை?" என்று கேட்டார். நான் ஒரு பிடி மண் போட்டேன். பிறகு குனிந்து இன்னொரு பிடி அள்ளி, இது அவன்ர, என்று அப்பாவிடம் சொல்லிப் போட்டேன்.

அடுத்த முறை தேவியிடம் போனபோது நீ மணிக்கூட்டையே வென்றாய். தனிய ஏலும் என்று எல்லாவற்றுக்கும் சொன்னாய். அவள் பேனையை வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். "ஏலும் எண்டு சொல்லுறீங்கள். போறனீங்களோ?" என்று கேட்டாள். "கோயிலுக்கு? செத்தவீட்டுக்கு? கூட்டாளிமார் வீட்டுக்கு?" நீ நிலத்தைப் பார்த்தாய். "போறேல்லைப் பிள்ளை," என்று நான் சொன்னேன். "கடையும் வீடும்தான்." அந்தக் கேள்வி தாளில் இல்லை, அவளாகக் கேட்டது. நடக்க முடிகிற ஒருவன் நடந்து போகாமல் இருந்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. எழுதாமல் விட்டாள்.

இனி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன், ராசா. எனக்கும் போன கிழமைதான் தெரியும். உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஆத்திரத்தில் மாமாவிடம் போனேன். "நீதான் என்ர பிள்ளையை அண்டைக்குப் பெட்டியில இருந்து விலத்தினனி, அதுதான் அவன் வாறானில்லை," என்று கத்தினேன். அவன் வலையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, என்ன கதை கதைக்கிறாய்? ஆர் விலத்தினது? தோள் மாத்தினதெல்லே! அந்த மணலில ஆர் முழுக்கத் தூக்கிறது? பிறகு மற்றப் பக்கம் தூக்கின ராயப்பு மாறினவன். நானும் மாறினனான். இளைப்பாறிப் போட்டுத் திரும்பப் பிடிக்கிறதுதானே."

நான் அங்கேயே மணலில் இருந்துவிட்டேன். நீ அதற்கு முதல் பெட்டி தூக்கியதில்லை. சின்னப் பொடியன்களை யார் பிடிக்க விட்டது? கால் போன பிறகு நீ ஒரு செத்தவீட்டுக்கும் போகவில்லை. உனக்கு எப்படித் தெரியும்? பெண்கள் நாங்கள் எப்போதும் பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்கள், எனக்கும் அது படவில்லை. உன்னால் ஏலாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய், நானும் அதைத்தான் நினைத்தேன். இத்தனை வருடம்.

உன்னிடம் பாதி உண்மை சொல்லி ஆற்ற எனக்கு விருப்பமில்லை. அதனால் மாமாவை விடாமல் கேட்டேன். "உண்மையைச் சொல்லடா. அவனை மற்ற ஆக்களிலும் பார்க்க முந்தி மாத்தினனியோ?" வலையில் ஒட்டின மணலைத் தட்டினான். "ஓம் அக்கா. கொஞ்சம் முந்தித்தான். அவன்ர கால் புதையிறதைப் பாக்கப் பயமாக் கிடந்தது," என்றான். பிறகு சொன்னதைக் கேள். "ஆனா அவன் திரும்பி வருவான் எண்டுதான் நினைச்சன். குழிக்குக் கிட்டப் போகேக்கை அந்தத் தோளை நானே திரும்பப் பிடிச்சு, வேற ஆருக்கும் மாத்தாமல் வைச்சிருந்தனான். அது மகன்ர இடமெல்லே. திரும்பித் திரும்பிப் பாத்தன் அக்கா, ஆளைக் காணேல்லை." சொல்லிவிட்டு அந்த முரட்டு மனிசன் சாரத்தால் முகத்தைத் துடைத்தான். அவனும் இத்தனை வருடமாக உனக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கலியாணத்துக்கு வரலாமோ என்று என்னிடம் கேட்டான்.

செல்வியின் தகப்பன் போன மாதம் இங்கே வந்ததை நீ அறிவாய். என்ன கதைத்தோம் என்று அறியமாட்டாய். மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின மனிசன், கையைப் பார்த்தாலே தெரிகிறது. தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டுவிட்டேன், "என்ர மகன்ர நடையைப் பாத்தனீங்களோ?" என்று.

"நடைய பாக்கலம்மா," என்றார். "வெள்ளம் வந்தப்ப எங்க வரப்பு மேல சைக்கிள தூக்கிக்கிட்டு வந்தாரு. வழுக்கி விழுந்துட்டாரு. ஓடிப் போய் தூக்கலாம்னு நான் எந்திரிச்சேன். அதுக்குள்ள எங்க செல்விப் புள்ள ஓடிருச்சு. தொடாம பக்கத்துல நின்னுச்சு. இவரு அண்ணாந்து பாத்து, கையக் குடுன்னு கேட்டாரு. அத பாத்தேன். போதும்னு நெனச்சேன்."

அவர் போன பிறகு நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பொறாமையும் இருந்தது. துடுப்புத் தடியோடு நீ முற்றத்தில் விழுந்து விழுந்து எழும்பிய நாட்களில் நான் எத்தனை தரம் கையை நீட்டினேன். ஒரு நாளும் நீ பிடிக்கவில்லை. தாயிடம் கேட்காததை அவளிடம் கேட்டிருக்கிறாய். நல்லது. அந்தப் பிள்ளையிடம் இனியும் கேள். கால் நொந்தால் நோகுது என்று சொல். இரவில் அவளுக்கு முன்னால் காலைக் கழற்றி வை, இருட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. புண் வந்தால் அவள் பார்க்கட்டும், மருந்து கட்டட்டும். என்ன, கொஞ்சம் ஏசிப் பேசுவாள். கட்டினவள் பேசாமல் வேறு யார் பேசுவது? எங்கள் கரையில் எல்லா மனிசிமாரும் பேசுகிறவர்கள்தான், உன் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இப்போது என் கதை. நான் ஏன் சுகம் என்று எழுதவில்லை என்றால், எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. குந்தி இருந்து மீன் வெட்ட முடியவில்லை, ஒரு கட்டை போட்டு அதில் இருக்கிறேன். பூசையில் முழங்காலில் நிற்காமல் பின்னால் வாங்கில் இருக்கிறேன். போன ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரியோடு வெளிக்கிட்டேன். கோயிலைத் தாண்டி மணலில் கால் வைத்ததும் முழங்கால் மடங்கியது. அந்தத் தாழம்பற்றை மட்டும்தான் போக முடிந்தது, நீ அன்று நின்ற இடம். அங்கேயே இருந்து மெழுகுதிரியைக் கொளுத்தி மணலில் நட்டேன். காற்று அணைத்துவிட்டது. அப்பாவின் சிலுவை அங்கிருந்து தெரிந்தது. கல்லறையில் வெளிச்சம் இல்லாமல் இருந்தது அவர் ஒருவருக்குத்தான். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது, இரண்டும் என்னுடையது, அப்படி இருந்தும் என் புருசனிடம் போக முடியவில்லையே என்று அந்த இடத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அப்போது தேவியின் கேள்விகள் நினைவு வந்தன. நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். சேமக்காலை வரைக்கும் மணலில் நடப்பீரோ? ஏலாது என்று சொல்ல மனம் வரவில்லை. பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கும் நான் போகவில்லை. தனிய ஏலும் என்று சொன்னால் அது பொய், அந்தப் பொய்யை நம் வீட்டில் நீ ஒருவன் சொன்னது போதும்.

அப்பாவின் சைக்கிள் ரியூப் சுருள் இன்னும் வாடியில் ஆணியில் தொங்குகிறது. கழுவிக் காயவைத்திருக்கிறேன். நீ வந்தால் நானே உன் காலில் சுற்றிவிடுகிறேன், அவர் சுற்றுகிற மாதிரி வராது, பொறுத்துக்கொள். மாமாவும் வருவான், கொஞ்சம் பின்னுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உன் பிடி மண்ணை நான் உனக்காகப் போட்டது உண்மைதான். ஆனால் அது என் கை மண். உன் கை மண்ணை அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வா, மகனே. என்னைப் பிடிக்க வேண்டாம். நீ பக்கத்தில் நின்றால் என்னால் ஏலும்.

நாயாற்றில் இருந்து,
அம்மா